சூறாவளிச் செய்தி நம் பெற்றோருக்கும் புரிய வேண்டும்: தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

டெக்சாஸ், ஃபுளோரிடா மாநிலங்களின் தமிழ்ச் சங்க நிர்வாகிகளுக்கு வணக்கம்.

ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை நீளும் அட்லாண்டிக் சூறாவளிப் பருவத்தில்தான், பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வரும் பெற்றோர் பலரும் நம் வீடுகளில் தங்கியிருக்கிறார்கள். அவர்களுக்குப் புரியும் தமிழில் புயல் செய்தியைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பைச் சங்கங்கள் ஏற்க வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

2024 ஜூலை 7 இரவு பெரில் புயல் டெக்சாஸ் கரையை நெருங்கிக்கொண்டிருந்தபோது, ஹியூஸ்டனில் எங்களோடு இருந்த என் அப்பா, "எத்தனாம் நம்பர் கூண்டு ஏத்தியிருக்காங்க?" என்று கேட்டார். அவர் நாகப்பட்டினத்துக்காரர், துறைமுகக் கூண்டின் எண்ணைக் கொண்டே புயலை எடைபோட்டுப் பழகியவர். நானும் யோசிக்காமல், "ஒன்னுதான்ப்பா" என்றேன். நான் சொன்னது, காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கும் முதல் வகைச் சூறாவளியை. அவர் புரிந்துகொண்டதோ, எங்கோ தொலைகடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருக்கிறது என்று மட்டும் தெரிவிக்கும் ஒன்றாம் எண் கூண்டை. நிம்மதியாகச் சன்னலோரக் கட்டிலிலேயே படுத்துவிட்டார். விடிந்தபோது பக்கத்து வீட்டு ஓக் மரம் வேலியின்மேல் சாய்ந்து, அதன் கிளை சன்னலை உடைத்திருந்தது. அப்பாவின் போர்வையிலிருந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கியெடுத்தேன்.

அந்த 'ஒன்று', ஹியூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மின் இணைப்புகளைத் துண்டித்தது. பின்வந்த நாள்களின் புழுக்கத்திலும் உயிர்கள் போயின. 2017இல் ஹார்வி நம் தெருக்களை மூழ்கடித்தபோதோ, அது சூறாவளி நிலையிலிருந்தே வலுக்குறைந்திருந்தது. வகை எண் காற்றை மட்டுமே சொல்லும். மழையையும் கடல் ஏற்றத்தையும் சொல்லாது.

மியாமியிலுள்ள தேசியச் சூறாவளி மையம், உருவாகிவிட்ட புயலைப் பற்றி ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையும், கரைக்கு எச்சரிக்கை விடுத்தபின் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறையும் அறிக்கை தருகிறது. அதில் வரும் கூம்புப் படத்தை நம்மவர்களில் படித்தவர்களே தவறாகப் பார்க்கிறார்கள். புயலின் மையம் எங்கே போகக்கூடும் என்பதைத்தான் கூம்பு காட்டுகிறது; மூன்றில் ஒரு பங்கு வேளைகளில் மையமே அதைவிட்டு வெளியே போய்விடுவதும் உண்டு. 2022இல் இயன் புயல் வந்தபோது எல்லோர் கண்ணும் தாம்பா மீதே இருந்தது. கடலோ ஃபோர்ட் மையர்ஸ் கடற்கரைக்குள் புகுந்தது.

ஒவ்வொரு சங்கமும் இரண்டு தன்னார்வலர்களை நியமித்து, மையத்தின் அறிக்கையை மட்டும் எளிய தமிழில் வாட்ஸ்அப் குழுவில் குரல்பதிவாக இடச் செய்யுங்கள். கண்ணாடி தேடாமலே பெரியவர்கள் கேட்டுக்கொள்வார்கள். சொந்தக் கணிப்புகளும், பத்து நாள் தாண்டிய கணினி வரைபடங்களும் அங்கே வேண்டாம். 'வாட்ச்', 'வார்னிங்' என்ற அறிவிப்பு நிலை இரண்டையும் 'எச்சரிக்கை' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடாமல், பலத்த காற்று தொடங்குவதற்கு ஏறத்தாழ 48 மணி நேரம் முன்பு விடுவதைப் 'புயல் தாக்கக்கூடும்' என்றும், 36 மணி நேரம் முன்பு விடுவதைப் 'புயல் தாக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது' என்றும் பிரித்துச் சொல்ல வேண்டும். வகை எண்ணைச் சொல்லும்போதெல்லாம், இது கூண்டு எண் அல்ல என்பதையும் தயவுசெய்து சேர்த்துச் சொல்லுங்கள்.

எங்கள் நேரப்படி அதிகாலை நான்கு மணிக்கு வரும் அறிக்கையைத் தமிழில் பேசிப் பதிவிடும் முறையை நான் எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஹியூஸ்டன் சங்க உறுப்பினர் ஒருவர்