ஆறு வருடத் தவணை

அன்புள்ள தம்பிக்கு,

"ஆண்டவர்கிட்ட மன்னிப்பு கேட்டுக் கேட்டே ஆறு வருஷம் ஓடிப்போச்சு அக்கா, மன்னிச்சாரான்னுதான் தெரியலை" என்று போன வாரம் சொன்னாயே, அது இன்னும் காதிலேயே இருக்கிறது. உன் கணக்கில் வந்த பிழை இன்னொருவர் தலையில் விழுந்தது, நீ வாய் திறக்கவில்லை, அவருக்கு வேலை போனது. இதை என்னிடம் மறைக்காமல் சொன்னவன் நீ. நானும் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன்.

வேதாகமத்தில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். பாவநிவிர்த்தி நாளில் இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள். ஒன்று பலியாகும். மற்றதன் தலையில் பிரதான ஆசாரியனான ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, ஜனங்களின் அக்கிரமங்களை எல்லாம் அறிக்கையிட்டு, ஓர் ஆளிடம் கொடுத்து வனாந்தரத்துக்கு அனுப்பிவிடுவான். நம் பழைய வேதாகமத்தில் அதற்குப் 'போக்காடு' என்று பேர். எனக்கு ரொம்பப் பிடித்த சொல். அந்த ஆட்டைத் தேடிக்கொண்டு யாரும் போகக் கூடாது என்று அங்கே ஒரு கட்டளையும் இல்லை. அப்படி ஒருவன் கிளம்புவான் என்று யாருக்குத் தோன்றியிருக்கும்? நீ கிளம்புகிறாய், ஒவ்வொரு ராத்திரியும்.

ஆனால் அந்த நாள் வருடா வருடம் வந்தது. புதிய ஏற்பாட்டின் எபிரெயர் நிருபம் பிடித்துக்கொள்வது இதைத்தான்: அந்தப் பலிகள் பாவத்தைத் திரும்பத் திரும்ப நினைவூட்டத்தான் செய்தன. ஆசாரியன் நாள்தோறும் நின்றபடியே இருக்கிறான். கிறிஸ்துவோ தம்மையே ஒரே பலியாகச் செலுத்திவிட்டு உட்கார்ந்தார் என்கிறது 10ஆம் அதிகாரம். வேலை பாக்கி இருக்கிறவர் உட்கார மாட்டார்.

ஒருவர் சாவு இன்னொருவர் பாவத்தை எப்படித் தீர்க்கும் என்று கேட்பாய். பிசாசின் பிடியிலிருந்து மீட்கக் கொடுத்த விலை என்று பழைய சபைப் பிதாக்களில் சிலர் சொன்னார்கள். தேவனுக்குச் சேர வேண்டிய மரியாதையை மனிதன் செலுத்தத் தவறினான், அதை ஈடுசெய்தது சிலுவை என்று 11ஆம் நூற்றாண்டின் முடிவில் அன்செல்ம் என்ற இறையியலாளர் எழுதினார். எனக்கு எந்த விளக்கமும் முழுசாகப் பிடிபட்டதில்லை. எல்லாரும் ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு: தீர்த்தவர் அவர், நாம் இல்லை.

நீயோ தூக்கம் கெட்ட ராத்திரிகளைத் தவணையாகக் கட்டிக்கொண்டிருக்கிறாய். தாழ்மை என்று நீ நினைத்திருக்கலாம். எனக்கென்னவோ, அவர் செலுத்தியது போதாது என்று சொல்வது போலத்தான் படுகிறது. கோபப்படாதே. மன்னிப்பு கிடைத்த மாதிரி மனசுக்குத் தோன்றவில்லை என்பதும் ஓர் ஆதாரமில்லை; நம் இருதயமே நம்மைக் குற்றவாளி என்று தீர்த்தாலும் தேவன் அதைவிடப் பெரியவர் என்று யோவான் எழுதியிருக்கிறார்.

சரி, இப்போது கசப்பான பகுதி. ஆறு வருடமாகத் தேவனிடம் பேசினாய். அந்த மனிதரிடம்?

அதே லேவியராகமத்தில் 6ஆம் அதிகாரம், குற்றநிவாரணபலி. பிறனை ஏமாற்றி எடுத்தவன் முதலையும், அதோடு ஐந்தில் ஒரு பங்கையும் உரியவனுக்குக் கொடுக்க வேண்டும். பலியும் உண்டு, இதுவும் உண்டு. அப்புறம் லூக்கா சுவிசேஷத்தில் வரும் வரி வசூலிப்பவன் சகேயுவைப் பார். நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று அவன் சொன்னது எப்போது? இயேசு அவன் வீட்டுக்குள் வந்த பிறகு. திருப்பிக் கொடுத்தால் வருகிறேன் என்று அவர் பேரம் பேசவில்லை. நீ தள்ளிப்போடுவதற்குக் காரணம், அந்த மனிதர் முகத்தைப் பார்த்தால் நொறுங்கிப்போவோம் என்ற பயம். தீர்ப்பு ஏற்கெனவே உன் பக்கம் வந்துவிட்டது என்று நம்பினால் அந்தப் பயத்தோடேயே போகலாம்.

அவர் மன்னிக்காமலும் போகலாம், அது அவர் உரிமை. பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அவர் கையில் கொடு. அந்த வேலை போனதில் அவருக்கு என்னென்ன நஷ்டம் என்று கேள். அதற்கு உன்னால் ஆனதைச் செய்.

எந்த நாள் போகிறாய் என்று மட்டும் சொல். வேண்டுமானால் வாசல் வரைக்கும் நானும் வருகிறேன்.

உன் அக்கா