தனி வகுப்பில் குழல் பயிலும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

தனி ஆசிரியரிடம் மேல்நாட்டுப் புல்லாங்குழல் (உலோகக் குழல்) கற்கத் தொடங்கியிருப்பதாக நீ எழுதியதைப் படித்ததும், குழலோடு இத்தனை ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. வேலைக்கு நடுவே நாள்தோறும் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதே, அப்படியானால் வகுப்பு வீண்தானா என்று கேட்டிருக்கிறாய். வீணாகாது. ஆனால் ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் இடைப்பட்ட நாட்களில் நீ என்ன செய்கிறாய் என்பதைப் பொறுத்தே எல்லாம் அமையும் என்பதால், இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

வார இறுதியில் மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் ஊதுவதைவிட, நாள்தோறும் இருபது நிமிடம் ஊதுவதே உனக்கு நல்லது. உதட்டைச் சுற்றியுள்ள தசைகள் சிறியவை. அவை களைத்ததும் நம்மை அறியாமலே குழலைத் தாடையோடு அழுத்திச் சத்தத்தை வரவழைக்கப் பார்ப்போம். அந்த அழுத்தமே பழக்கமாகிவிட்டால் அதை மாற்ற ஆசிரியருக்குப் பல மாதங்கள் பிடிக்கும். அசுர சாதகம் என்று பெருமையாகச் சொல்லப்படும் மணிக்கணக்கான பயிற்சி உன் நிலைக்குத் தேவையற்றது. குழலில் நாதஸ்வரத்தின் சீவாளி போன்ற நாணல் கிடையாது என்பதால் ஊதும் காற்றில் ஒரு பகுதி துளைக்குள் போகாமல் வெளியே சிதறும். ஆகவே தொடக்கத்தில் தலை சுற்றுவதும் உண்டு. அப்போது குழலைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துகொள்.

அந்த இருபது நிமிடத்தில் முதல் ஐந்து நிமிடத்தை நீண்ட சுரங்களுக்கு, அதாவது ஒரே சுரத்தை நீட்டி ஊதுவதற்கு, கொடு. பலரும் இதைச் சலிப்பென்று தாண்டிப் போகிறார்கள். எனக்கோ சாதகத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். பிரெஞ்சுக் குழலிசைக் கலைஞர் மார்செல் மொயீஸ் (1889–1984) வகுத்த பயிற்சி, மேல்நாட்டு முறையில் பி (B) எனப்படும் சுரத்தில், நடு ஸ்தாயியில் தொடங்கி, அரைச்சுரம் அரைச்சுரமாகக் கீழே இறங்குவது. பி சுரம் எளிதாகவும் தெளிவாகவும் வரும். அதன் நாதத்தைக் காதில் பிடித்துக்கொண்டு, அரைச்சுரம் கீழே உள்ள பி ஃபிளாட்டுக்கும் அதே நாதத்தைக் கொண்டுசெல்ல வேண்டும், பிறகு அதற்கும் அடுத்ததற்கு. எந்த இடத்தில் ஒலி மங்குகிறதோ அந்த இடத்தில் நின்றுவிடு. அன்றைய வேலை அங்கேதான் இருக்கிறது. கண்ணாடி முன் நின்று ஊதினால் இன்னொன்றும் தெரியும்: காற்று சரியாகக் குவிந்திருந்தால், உதட்டுத்தகட்டின் (ஊதும் துளையைச் சுற்றி உதடு பதியும் தகட்டின்) மறுபுறத்தில் மூச்சின் ஈரம் சிறு முக்கோணமாகப் படியும். அது ஒரு பக்கமாகச் சாய்ந்தோ தகடு முழுவதும் பரவியோ இருந்தால், உதட்டின் இடைவெளி எங்கே இருக்கிறது, எவ்வளவு அகன்றிருக்கிறது என்று பார். சிலருக்கு இடைவெளி இயல்பாகவே நடுவில் அமையாது. அதை மாற்றுவதா விடுவதா என்பதை ஆசிரியர் முடிவு செய்யட்டும்.

பாடத்தில் கடினமான இடம் வந்தால், முதலிலிருந்து ஊதிக்கொண்டு வந்து அங்கே தடுக்கி, மறுபடியும் முதலுக்கே போகும் வழக்கம் வேண்டாம். அப்படிச் செய்தால் தெரிந்த பகுதிதான் மேலும் தெரிந்ததாகும், தடுக்கும் இடம் தடுக்கியபடியே இருக்கும். தடுக்குவது பெரும்பாலும் இரண்டே சுரங்களுக்கு நடுவில்தான். நடு ஸ்தாயியின் சி சுரத்திலிருந்து டி சுரத்துக்குப் போவதை எடுத்துக்கொள்: சி சுரத்தில் அநேகமாகத் திறந்தே இருக்கும் விரல்கள் டி சுரத்துக்கு ஒருசேர இறங்க வேண்டும், ஆனால் இடக்கை ஆள்காட்டி விரலும் வலக்கைச் சுண்டு விரலும் மேலெழ வேண்டும். ஆள்காட்டி விரல் எழ மறந்தால் டி மூடிய குரலில் அமுங்கிக் கேட்கும். அந்த இரு சுரங்களை மட்டும் மெட்ரோனோமை (தாளம் தட்டும் கருவியை) நிமிடத்துக்கு 60 தட்டு என வைத்து, விரல்கள் ஒரே கணத்தில் நகரும்வரை ஊது. பிறகு முன்னால் ஒரு சுரம், பின்னால் ஒரு சுரம் என்று சேர்த்துக்கொண்டே போ.

வகுப்புக்குப் போகும்போது சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்துச் செல். வீட்டில் தீராத ஐயத்தை அதில் எழுதி வைத்து, வகுப்பு தொடங்கியதுமே கேள். தனி வகுப்பின் அருமையே, ஆசிரியரின் காது முழுவதும் உன் ஒருத்தியின் ஒலிக்கே கிடைப்பதுதான். சாதகம் செய்யாத வாரத்தில் வகுப்பை ரத்து செய்யாதே. செய்யவில்லை என்று சொல்லிவிட்டு உட்கார். நல்ல ஆசிரியர் அன்று உன்னோடு சேர்ந்தே சாதகம் செய்வார், எப்படிச் சாதகம் செய்வது என்பதையும் அப்போதுதான் கண்கூடாகக் கற்பாய்.

ஊதும் முன் வாயைக் கொப்பளி, இனிப்பின் மிச்சம் துளைகளை மூடும் மூடிகளின் அடியிலுள்ள திண்டுகளை ஒட்டவைக்கும். ஊதிய பின் உள்ளே துணி செலுத்தி ஈரத்தை எடு. தோளிலோ மணிக்கட்டிலோ வலி வந்தால் அன்றே நிறுத்தி, நிற்கும் நிலையை ஆசிரியரிடம் காட்டு.

பி சுரத்திலிருந்து இறங்கும் பயிற்சியைக் கைபேசியில் பதிந்து அனுப்பு. தேர்ந்தெடுத்து அனுப்ப வேண்டாம், முதல் முறை ஊதியதையே அனுப்பு; எந்தச் சுரத்தில் ஒலி மங்குகிறது என்று நானும் கேட்டு எழுதுகிறேன்.

அன்புடன்,
அப்பா