பாறையைக் கழுவ வேண்டாம், பிள்ளை

அன்பு மகளுக்கு,

புது வீட்டுப் படங்கள் எல்லாம் பார்த்தோம். நோர்வேயில் பெர்கன் பக்கத்துச் சோத்ராத் தீவில், கடலைப் பார்த்தபடி, முற்றத்திலேயே அவ்வளவு பெரிய பாறை! அப்பாவுக்கு நல்ல சந்தோஷம். ஆனால் அதிலுள்ள பாசியைக் குளோரின் ஊற்றி, தண்ணீர் பீச்சியடிக்கிற மெஷினால் கழுவப் போவதாக மருமகன் சொன்னதிலிருந்து எனக்கு மனம் கேட்கவில்லை. போனில் சொன்னால் "சரி அம்மா" என்று முடித்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன்.

படிக்கட்டில் இருப்பதைத் தாராளமாகச் சுரண்டி எடு. மழைக்கு வழுக்கும், பேத்தி ஓடித் திரிகிற இடம். பாறையில் இருப்பதை மட்டும் விட்டுவிடு. அது கல்லைப் பிளந்துவிடும் என்று பயப்படாதே. பாசிக்கு வேர் கிடையாது. மெல்லிய இழைகளால் பாறையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீரைக் குடிப்பது இலையால். பெர்கன் பக்கம் ஆண்டுக்கு 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறதே, அதற்கு அது காணும்.

செத்துப்போன பாசி என்று நீ எழுதியிருந்த சாம்பல் நிறப் படை சாகவில்லை. அது நோர்வே மொழியில் ஹெய்குரோமூசெ என்கிற பாசி. வெயில் நாளில் ஒரு கோப்பை தண்ணீரை அதன்மேல் மெதுவாக ஊற்றி, பக்கத்தில் குந்தியிருந்து வடிவாகப் பார். ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு வெள்ளை மயிர் இருக்கும். காய்ந்திருக்கும்போது சாம்பலாகத் தெரிவது அதனால்தான். தண்ணீர் பட்டதும் ஒட்டிக் கிடந்த இலைகள் விரியும், சில நிமிடங்களில் மஞ்சள் கலந்த பச்சை வந்துவிடும். ஐஸ்லாந்தில் 1783இல் லாக்கியிலிருந்து ஓடிய எரிமலைக் குழம்பு இறுகிய நிலத்தை இன்று மூடியிருப்பதும் இதுதான். பிய்த்தெறிந்த இடம் திரும்ப மூடப் பல பத்தாண்டுகள் செல்லும்.

அப்புறம், கீழே கடல் நீர் தெறிக்கிற வெடிப்புகளில் கருமையான சின்னச் சின்ன மெத்தைகள் இருக்கும். உப்புப் பட்டால் மற்றப் பாசிகள் பெரும்பாலும் கருகிவிடும்; சல்த்புளொம்ஸ்டர்மூசெ அங்கேதான் வாழும். விதை போல் பரவும் தூள் இருக்கிற அதன் வித்துப்பையின் மூடி விழுந்ததும், வாயைச் சுற்றிச் சிவப்புப் பற்கள் தெரியும். கரி பூசியது போல் மேலே இருப்பது சூத்மூசெ. அதன் பைக்கு மூடியே இல்லை. பக்கத்தில் நான்கு கீறல்கள். காய்ந்தால் திறந்து வித்தைக் காற்றில் விடும், நனைந்தால் மூடிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர் அளவு பைக்குள் இவ்வளவு வேலைப்பாடு!

நோர்வேயின் வட கோடியில், ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்த காலத்தில் எங்களைச் சுற்றி மரமே இல்லை. வேலை முடிந்து வரும் வழியில் ஒரு பச்சையைப் பார்க்கக் கண் ஏங்கும். பாறைகளில்தான் அது கிடைத்தது. இதை உனக்கு நான் சொன்னதே இல்லை.

மெஷினை ஏற்கெனவே வாடகைக்கு எடுத்திருந்தால் வராந்தாப் பலகையைக் கழுவச் சொல். குளோரின் மட்டும் வேண்டாம், அது அப்படியே கடலுக்குத்தான் இறங்கும். ஈஸ்டருக்கு வரும்போது என் பூதக்கண்ணாடியைக் கொண்டு வருகிறேன். பேத்திக்கு அந்தச் சிவப்புப் பற்களை நான்தான் காட்டுவேன், நீ முந்திவிடாதே.

அன்புடன்,
அம்மா