போர்க்காலக் கடற்படைப் பெண்களைத் தேடியபோது துணைநின்றோர்க்கு ஒரு நன்றி மடல்

பாளையங்கோட்டை

பேரன்பிற்குரிய பெரியோர்க்கும், நண்பர்களுக்கும், என் மாணவியர்க்கும் வணக்கம்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ராயல் இந்தியக் கடற்படையில் பணியாற்றிய பெண்களைப் பற்றி நான் எழுதிவந்த நூலின் கைப்படி அச்சகத்திற்குச் சென்றுவிட்டது. முன்பக்கத்தில் ஒரு பத்தி நன்றி போதும் என்றார் பதிப்பாளர். எனக்கு அது போதவில்லை. கல்லூரியில் வரலாறு கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு ஆவணம் படிக்கத் தெரியுமே தவிர, கம்பியில்லாத் தந்தியோ கடல் வரைபடமோ தெரியாது. தெரிந்தவர்கள் நம் நெல்லைச் சீமையிலேயே இருந்தார்கள், கேட்டவுடன் வாசல் திறந்து உட்காரவைத்துச் சொல்லித் தந்தார்கள். அவர்களுள் பலர் தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், எவர் பெயரையும் குறிப்பிடாமல், அவர்கள் செய்த உதவியை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

பொருளைப் புதிதாக அறிபவர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் 1917 நவம்பரில் தொடங்கப்பட்டு, 1919-இல் கலைக்கப்பட்டு, 1939-இல் வேரா லாட்டன் மேத்யூஸ் அம்மையாரின் தலைமையில் மீண்டும் உருவான ரென்ஸ் என்னும் பெண்கள் கடற்படைப் பிரிவில், 1944-ஆம் ஆண்டு வாக்கில் 74,000 பெண்கள் இருந்தனர். அவர்களைப் பற்றி நூல்களுக்கும் நினைவுக் குறிப்புகளுக்கும் குறைவில்லை. இந்தியாவில் 1942-இல் தொடங்கப்பட்ட பெண்கள் துணைப்படையின் கடற்படைக் கிளையாகப் பிறந்து, 1944-இல் தனிப் பெயரும் தனிச் சீருடையும் பெற்ற ரின்ஸ் பிரிவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டதோ மிகக் குறைவு. பம்பாய், கராச்சி முதலிய துறைமுகங்களின் கரைத்தளங்களில் செய்தி வாங்குவது, அனுப்புவது, மறைகுறியாக்குவது, மறைகுறி அவிழ்ப்பது, கப்பல்களின் இருப்பிடத்தைக் குறிப்பது, பண்டகசாலைக் கணக்கு எழுதுவது என்று அவர்கள் பார்த்த வேலை பலவகைப்பட்டது. கப்பலில் ஏறவில்லையே, அதை எப்படிக் கடற்படைப் பணி என்பது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. கரையிலிருந்து போகும் செய்தி இல்லாமல் போர்க்காலத்தில் எந்தக் கப்பல் எந்தத் துறைக்குப் பத்திரமாக வந்து சேர்ந்திருக்கும் என்பதே அவர்களுக்கு என் பதில்.

முதலில் நூலகர்களுக்கு நன்றி. பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்திலும், சென்னை எழும்பூரில் உள்ள ஆவணக் காப்பகத்திலும், கன்னிமாரா நூலகத்திலும் பழைய நாளிதழ்த் தொகுதிகளை எடுத்துத் தந்தவர்கள், தாள் ஒடியும் நிலையில் இருந்தவற்றைத் தாங்களே புரட்டிக்காட்டினார்கள். 1942 ஏப்ரலில் கொழும்பின் மீதும் திருகோணமலை மீதும் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசியதையும், அதையடுத்துச் சென்னை மக்கள் கூட்டங்கூட்டமாக ஊரைவிட்டு வெளியேறியதையும் நாள்வாரியாகத் தொடர அந்தத் தொகுதிகளே உதவின. பெண்களைப் படைப்பணிக்கு அழைத்ததைத் தனித்துப் பார்க்கக்கூடாது என்பதும், போர் நம் கடலுக்குள் வந்துவிட்ட பதற்றத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும் என்பதும் எனக்கு அங்கேதான் தெளிவாயிற்று.

தந்தி அலுவலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற அண்ணாச்சிக்கு நான் பட்டுள்ள கடன் பெரிது. சமாதானபுரத்தில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒரு பித்தளை மூடியின்மேல் கரண்டிக்காம்பால் தட்டித் தட்டி அவர் எனக்குத் தந்தியின் மோர்ஸ் குறியீட்டைச் சொல்லித் தந்தார். ஒரே புள்ளி என்றால் ஈ, ஒரே கோடு என்றால் டீ என்று தொடங்கி, எழுத்துகள் ஓரளவு பிடிபட்ட பிறகு, “இதுவரை படித்தது எங்கள் வேலை, இனி அந்தப் பெண்பிள்ளைகளின் வேலையைப் பாருங்கள்” என்று சொல்லிவிட்டு, பொருளே இல்லாத எழுத்துகளை ஐந்தைந்தாகத் தட்டத் தொடங்கினார். சாதாரணத் தந்தியில் ‘மதர் சீரியஸ் ஸ்டார்ட்’ வரைக்கும் காதில் விழுந்துவிட்டால், அடுத்த சொல் ‘இம்மீடியட்லி’ என்று கை தானாக எழுதிவிடும். நடுவில் ஓர் எழுத்து தவறினாலும் கருத்து காப்பாற்றிவிடும். மறைகுறிச் செய்தியில் அந்தக் கைத்தாங்கல் கிடையாது. ஐந்தெழுத்துக் கூட்டம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எந்த உறவும் இல்லை. ஓர் எழுத்து தவறினால் அது என்னவாக இருக்கும் என்று யோசிக்கவே கூடாது. இடம் விட்டுவிட்டு அடுத்த எழுத்தைப் பிடிக்க வேண்டும். யோசிக்க நின்றால் அடுத்த கூட்டம் முழுவதும் போய்விடும். அரைப்பக்கம் எழுதுவதற்குள் என் விரல்கள் இறுகிவிட்டன. அண்ணாச்சி அதைக் கண்டு மூடியைக் கீழே வைத்துவிட்டு, தங்கள் அலுவலகத்துக் கருவியில் ஒலி கணீரென்று தட்டலாகக் கேட்கும் என்றும், கடற்படையின் கம்பியில்லாத் தந்தியிலோ காதில் மாட்டிய கருவிக்குள் மெல்லிய கீச்சொலியாக, இரைச்சலுக்கும் பிற நிலையங்களின் ஒலிக்கும் இடையிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியதாக இருக்கும் என்றும் விளக்கினார். நள்ளிரவுப் பணியில் அப்படி மணிக்கணக்காக உட்கார்ந்திருந்த இளம்பெண்களை ‘உதவிப் பணியாளர்கள்’ என்று ஒரு வரியில் எழுதிக் கடந்துவிடும் நூல்களை, அன்று முதல் என்னால் பொறுமையோடு படிக்க முடியவில்லை. நூலின் மூன்றாம் இயல் முழுவதும் அந்தத் திண்ணையில் கற்றது.

நாசரேத் பக்கத்துச் சிற்றூர் ஒன்றிலுள்ள குடும்பத்தாருக்கு அடுத்த நன்றி. தங்கள் வீட்டு ஆச்சி போர்க்காலத்தில் பம்பாயில் வேலை பார்த்தார் என்பதற்கு மேல் அவர்களுக்கு ஒன்றும் சொல்லப்பட்டிருக்கவில்லை. ஏதோ கம்பெனி என்றே நினைத்திருந்தார்கள். பணியிலிருந்து விடுவிக்கப்பட்ட சான்றிதழ், பனங்காட்டுப் பத்திரங்களோடும் பட்டாவோடும் ஒரே துணிப்பையில் கட்டி வைக்கப்பட்டிருந்தது. அரசாங்க முத்திரை உள்ள தாள் எதுவானாலும் அது சொத்துக்குச் சான்று என்று கருதிய ஒரு தலைமுறையின் கவனத்தால்தான் அது கறையான் வாய்க்குத் தப்பியது. அந்தப் பையில் அவர் தம் தாய்க்குத் தமிழில் எழுதிய கடிதங்களும் இருந்தன. தணிக்கை அலுவலகம் பிரித்துப் பார்த்துவிட்டு ஒட்டிய தாள்பட்டை சில உறைகளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கடிதங்களில் வேலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பதநீர் இறக்கத் தொடங்கியாயிற்றா, தம்பிக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியாயிற்றா, அனுப்பிய மணியார்டர் கைக்கு வந்ததா, வடக்குத் தெரு அத்தைக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஊரைப் பற்றிய கேள்விகள் மட்டும் இருக்கின்றன. எந்தக் கட்டடத்தில் இருக்கிறார், பகலிலா இரவிலா பணி, உடன் இருப்பவர்கள் யார் என்பதைத் தாயிடம்கூட அவர் தெரிவிக்கவில்லை. முதலில் படித்தபோது இவற்றால் ஆராய்ச்சிக்கு என்ன பயன் என்று குடும்பத்தார் தயங்கினார்கள். செய்தித்தொடர்புப் பணியில் சேர்ந்தவர்கள் கடைப்பிடிக்க வேண்டியிருந்த இரகசியக் கட்டுப்பாட்டுக்கு இதைவிட நேரான சான்று வேறு எந்தக் காப்பகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை என்பதை அவர்களுக்கு இங்கே எழுத்தில் சொல்லிவிட விரும்புகிறேன். ஆச்சி பின்னாளில் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து, பிள்ளைகள் பேரப்பிள்ளைகள் எல்லாரையும் ஆளாக்கிய பிறகும் அந்தக் கட்டுப்பாட்டை மீறவில்லை. கடிதங்களை வெளியே கொடுப்பதில்லை என்று முடிவு செய்த குடும்பத்தார், தங்கள் வீட்டுக் கூடத்திலேயே மேசை போட்டு, நான் படியெடுத்து முடிக்கும்வரை சோறும் மோரும் தந்து காத்திருந்தார்கள். அந்த வீட்டு மதினிக்கும் அவருடைய மகளுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

நாங்குநேரி வட்டாரத்தில் வாழும், கடற்படையில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற பெரியவருக்கும் நன்றி. விஜயநாராயணத்தில் 1990 முதல் இயங்கிவரும் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்னும் கடற்படை வானொலித் தொடர்பு நிலையத்தின் உயர்ந்த கோபுரங்களை நாம் பேருந்திலிருந்து பார்த்திருக்கிறோம். மிகத் தாழ்ந்த அலைவரிசை கடல்நீருக்குள் சற்று ஆழம் செல்லும் என்பதால் மூழ்கியிருக்கும் நீர்மூழ்கிகளுக்கும் அங்கிருந்து செய்தி போகும் என்பதைப் பள்ளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோல் அவர் சொன்னார். இந்தியப் பெருங்கடல் வரைபடம் ஒன்றை விரித்து, ‘கெடீவ் இஸ்மாயில்’ என்னும் துருப்புக் கப்பல் சென்ற வழியைப் பென்சிலால் வரைந்து காட்டியவரும் அவரே. மொம்பாசாவிலிருந்து கொழும்புக்குக் காவல் கப்பல்களோடு வந்துகொண்டிருந்த அந்தக் கப்பலை, 1944 பிப்ரவரி 12 அன்று, மாலத்தீவின் தென்கோடியில் உள்ள அட்டு பவளத்தீவுக்கு அருகில் ஜப்பானிய நீர்மூழ்கி ஐ-27 தாக்கி மூழ்கடித்தது. ஏறத்தாழ 1,300 பேர் இறந்தனர். அவர்களுள் 77 பேர் பெண்கள். பெரும்பாலோர் செவிலியர், ஏனையோருள் ரென்ஸ் பிரிவினரும் இருந்தனர். காமன்வெல்த் நாடுகளின் படைப்பிரிவுப் பெண்கள் ஒரே நிகழ்ச்சியில் இத்தனை பேர் மாண்டது வேறெப்போதும் இல்லை. பென்சில் முனை அந்த இடத்தைத் தொட்டதும் பெரியவர் அங்கிருந்து கன்னியாகுமரி வரை அளவுகோலை வைத்துத் தூரத்தைப் படித்துச் சொன்னார். கரையில் இருந்த பெண்கள் எவ்வகை ஆபத்தின் செய்திகளைத் தம் கையால் எழுதி வாங்கினார்கள் என்பது அந்த வரைபடத்தின் முன்தான் எனக்கு உறைத்தது. அந்தக் கோட்டுப்படம் நூலில் அப்படியே இடம்பெறுகிறது.

என் மாணவியருள் ஒருவர் லிவர்பூல் நகரில் செவிலியராக இருக்கிறார். தமக்குக் கிடைத்த விடுப்பு நாளில் போர்க்காலத்தில் அட்லாண்டிக் கடற்போரின் தலைமையகமாக இருந்த டெர்பி ஹவுஸ் அருங்காட்சியகத்திற்குச் சென்று, 1942-இல் கேப்டன் கில்பர்ட் ராபர்ட்ஸ் தொடங்கிய போர்த்தந்திரப் பயிற்சிக் கூடத்தைப் பற்றி விரிவாகக் குறிப்பெடுத்து அனுப்பினார். அங்கே தரையே கடல். ரென்ஸ் பிரிவு இளம்பெண்கள் முழந்தாளிட்டு, காவல் கப்பல்களின் போக்கை வெள்ளைச் சுண்ணக்கட்டியாலும் ஜெர்மானிய நீர்மூழ்கியின் போக்கைப் பச்சைச் சுண்ணக்கட்டியாலும் வரைவார்கள். திரைக்குப் பின்னாலிருந்து சிறு துளை வழியாகப் பார்க்கும் அதிகாரியின் கண்ணுக்கு வெள்ளைக் கோடு தெரியும், பச்சைக் கோடு தெரியாது. மறைந்திருக்கும் எதிரியை ஊகித்தே அவர் கட்டளையிட வேண்டும். நீர்மூழ்கிகளைத் துரத்தும் புதிய உத்தி ஒன்று அந்தத் தரையில் உருவானபோது, அதற்கு ராஸ்பெர்ரி என்று பெயரிட்டவர் ஜீன் லெய்ட்லா என்னும் ரென் அதிகாரி. அட்லாண்டிக் கடலில் அனுபவம் பெற்ற கேப்டன்கள் உட்பட ஏறத்தாழ 5,000 அதிகாரிகள் இந்தப் பெண்களிடம் பாடம் கேட்டுச் சென்றிருக்கிறார்கள். ஓய்வு நாளை எனக்காகச் செலவிட்ட அந்த மகளுக்கு என் ஆசி என்றும் உண்டு.

லண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் படத்தொகுப்பைக் கணினியில் தேடித் தந்த இளங்கலை மாணவியர் குழுவைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட மாட்டேன். 1945 ஜூனில் ஸ்காட்லாந்தின் ரோசைத் தளத்தில் எடுக்கப்பட்ட படம் பலரும் அறிந்தது. பிரிட்டனுக்குச் சென்று வந்த முதல் இந்தியப் படைப்பெண் என்று குறிக்கப்படும் செகண்ட் ஆபீசர் கல்யாணி சென் அதில் சேலையணிந்து, சீஃப் ஆபீசர் மார்கரெட் கூப்பருடன் நிற்கிறார். கல்யாணி சென் வகித்த செகண்ட் ஆபீசர் பதவி கடற்படை லெப்டினன்ட்டுக்கு நிகரானது. படத்தைப் பார்ப்பவர்கள் சேலையைப் பற்றியே பேசுகிறார்கள். பதவியைப் பற்றிப் பேசுவதில்லை. எங்கள் மாணவியர் அந்தப் பழக்கத்தை விட்டு விலகினார்கள். பெயர் குறிக்கப்படாத பெண்கள் உள்ள படங்களில் அவர்களுடைய உடையை விட்டுவிட்டு, கைகள் என்ன செய்துகொண்டிருக்கின்றன என்று பார்த்து, வேலைவாரியாக ஒரு பட்டியல் தயாரித்தார்கள். நூலின் இயல் பிரிப்பு முழுவதும் அந்தப் பட்டியலைப் பின்பற்றியது. பெயர் கிடைக்காத பெண்ணுக்கு அவள் பார்த்த வேலையையாவது வரலாற்றில் எழுதிவைக்க வேண்டும் என்ற அவர்களுடைய எண்ணம் எனக்கு முற்றிலும் உடன்பாடு.

கைப்படியைத் தட்டச்சு செய்தவருக்கும், மெய்ப்புத் திருத்திய தமிழாசிரியருக்கும், வண்ணாரப்பேட்டையில் படங்களை மின்படியெடுத்துத் தந்த ஸ்டுடியோக்காரத் தம்பிக்கும், இரவு வண்டி ஏறும்போதெல்லாம் ஜங்ஷன் வரை வந்து வழியனுப்பிய என் தங்கை குடும்பத்திற்கும் மனமார்ந்த நன்றி.

பார்வைக்கு வாங்கிய மூலத்தாள்கள் யாவும் உரியவர்களிடம் திரும்பச் சேர்ந்துவிட்டன. படிகள் ஒரு தொகுப்பாகக் கட்டப்பட்டு மாவட்ட மைய நூலகத்திற்கு வழங்கப்படும். போர்க்காலத்தில் கடற்படையிலோ பெண்கள் துணைப்படையிலோ பணியாற்றிய பாட்டியின் தாள் எதையேனும் பத்திரக்கட்டில் வைத்திருப்பவர்கள், அதன் படி ஒன்றை அந்தத் தொகுப்பில் சேர்க்க இசைந்தால், அடுத்த பதிப்பில் அவர் பார்த்த வேலையும் இடம்பெறும். அச்சான முதற்படிகள் நாசரேத் பக்கத்து வீட்டிற்கும் சமாதானபுரத்துக்கும் நேரில் கொண்டுவந்து தரப்படும். அண்ணாச்சி கேட்டுக்கொண்டபடி, பள்ளிப் பிள்ளைகளும் பார்த்துப் பழகும் வகையில், மோர்ஸ் அட்டவணை பின்னிணைப்பில் முழுப்பக்கமாக, பெரிய எழுத்தில் அச்சாகிறது.

நன்றியுடனும் அன்புடனும்,
நூலாசிரியர்