துக்க வீட்டில் காரணம் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று சொல்லிவிட்டு வருவது கிறிஸ்தவர்களிடையே பழகிப்போன ஒன்று. வேத வசனம்தான். ஆனால் அதைச் சொன்னவர், பழைய ஏற்பாட்டின் யோபு நூலில் வரும் நீதிமானான யோபு. பத்துப் பிள்ளைகளை இழந்த அன்று, தன் வாயால், தன் இழப்பைப் பற்றிச் சொன்னார். இழந்தவர் சொன்னால் அது விசுவாசம். மற்றவர் போய் அவரிடம் சொன்னால், 'இனி அழாதே' என்ற கட்டளையாகத்தான் காதில் விழும். அதே யோபு அந்நூலின் 3-ஆம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளையே சபிக்கிறார். அந்தப் பகுதியைத் துக்க வீட்டில் யாரும் வாசிப்பதில்லை.

யோபுவின் நண்பர்கள் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே நல்ல காரியம் அதுதான். வாய் திறந்த பிறகுதான் எல்லாம் கெட்டது: 'நீ பாவம் செய்திருப்பாய், அதனால்தான் இந்தத் தண்டனை.' ஏன் அப்படிப் பேசத் தோன்றுகிறது? துன்பப்படுகிறவரிடம் ஒரு குற்றம் இருந்துவிட்டால், ஒழுங்காக நடக்கும் நமக்கு அது வராது என்று நிம்மதி அடையலாம். நாம் சொல்லும் காரணங்களில் பாதி நம் பயத்தைத் தணிக்கவே.

38 முதல் 41 வரையிலான அதிகாரங்களில் கடவுள் பேசுகிறார். பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று யோபுவைக் கேட்கிறார். அறியாமல் பேசினாய் என்று கண்டிக்கவும் செய்கிறார். ஆனால் துன்பத்தின் காரணத்தை மட்டும் சொல்லவில்லை. முதல் இரண்டு அதிகாரங்களில் வாசகர்களான நமக்குத் தெரிவது, அதாவது யோபுவின் பக்தியைக் குறித்துச் சாத்தான் விட்ட சவால், யோபுவுக்குக் கடைசிவரை சொல்லப்படுவதே இல்லை. இருந்தும் 42:7-இல், தம்மைக் குறித்துச் சரியாகப் பேசியவர் யோபுதான் என்கிறார். கடவுளுக்காக வாதாடிய நண்பர்களோ ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் பலியிட்டு, யோபுவின் ஜெபத்தைக் கேட்டுப் பெற வேண்டியதாயிற்று. யோபு கடவுளைப் பற்றி முறையிட்டதோடு நிற்கவில்லை, கடவுளிடமே முறையிட்டார். பதில் வராதபோதும் அவரை நோக்கியே பேசிக்கொண்டிருப்பதும் நம்பிக்கைதான்.

துன்பம் என்றால் பாவத்துக்குத் தண்டனை என்ற கணக்கை இயேசுவும் ஏற்கவில்லை. பிறவிக் குருடனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனா, பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோது இரண்டையும் மறுத்தார். எருசலேமில் சீலோவாம் என்ற இடத்துக் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரும் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் அல்ல என்றார்.

ஆகவே துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள் முதல் நாளில் வாய்ப்பேச்சைக் குறையுங்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பெயரைத் தவிர்ப்பதுதான் அதிகம் வலிக்கும். 'ஏன்?' என்று கேட்டால் 'எனக்குத் தெரியவில்லை' என்பது போதும். ஜெபிக்கச் சொன்னால் 13-ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். ஆறே வசனங்கள். முதல் இரண்டில் 'எதுவரைக்கும்' என்ற கேள்வி நான்கு முறை வருகிறது, அடுத்த இரண்டும் மன்றாட்டு, நம்பிக்கை கடைசியில்தான். அந்த வரிசையை மாற்றாதீர்கள். நம்பிக்கைக்கு இன்னும் மனம் வராதவர்களுக்கு 88-ஆம் சங்கீதம் இருக்கிறது. அது இருளிலேயே முடிகிறது. அப்படியே வேதத்தில் வைக்கப்பட்டிருக்கிறது.

ரோமர் 8:28-ஐ, 'சகலமும் நன்மைக்கு' என்பதை, கொஞ்ச நாள் தள்ளி வையுங்கள். அதற்கு இரண்டு வசனம் முன்னால்தான், என்ன ஜெபிப்பதென்று தெரியாதவர்களுக்காக ஆவியானவரே பெருமூச்சுகளோடு வேண்டுகிறார் என்று பவுல் எழுதுகிறார்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். விசுவாசம் இருந்தால் மருந்து வேண்டாம் என்று நோயாளியிடம் யாரும் சொல்லக்கூடாது. துக்கத்தில் இருப்பவர் வாரக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாக வேண்டும் என்று பேசினால் அன்றே, தனியே விடாமல் அழைத்துப் போங்கள். ஜெபம் அதோடு சேர்ந்து நடக்கட்டும்.

அடக்கத்தன்று கூடும் கூட்டம் மூன்றாம் மாதத்தில் இருப்பதில்லை. அப்போது ஒருமுறை, முதல் நினைவு நாளில் ஒருமுறை அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்