பெரிய மாமாவுக்கு, தம்பியின் எடைக் குறைப்பு ஆபரேஷன் பற்றி

அன்புள்ள பெரிய மாமாவுக்கு,

"வாயைக் கட்டத் தெரியாத பிள்ளைக்கு வயிற்றை வெட்டுவார்களா?" என்று போன வாரம் கேட்டீர்கள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, தம்பியும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். நம் சொந்தத்தில் இதையே கேட்கிறவர்கள் இன்னும் பத்துப் பேர் உண்டு என்பதால் பதிலைப் பொதுவிலேயே எழுதிவிடுகிறேன்.

மூன்று வருடம் முன்பு ஊருக்கு வந்தபோது அவன் கழுத்துக் கறுப்பை அழுக்கு என்று நினைத்து அம்மா பயத்தம்மாவு போட்டுத் தேய் தேய் என்று தேய்த்தாரே, ஞாபகம் இருக்கிறதா? தண்ணீர் ஊற்றியது நான்தான். தோல் சிவந்துபோனதே தவிர கறுப்பு போகவில்லை. உடம்பு இன்சுலினுக்கு மசியவில்லை என்பதன் அடையாளமாம் அது. 13 வயதுப் பிள்ளை, எரிகிறது என்றுகூடச் சொல்லாமல் நின்றான்.

அப்புறம் சர்க்கரை வந்தது. 16 வயதில் 138 கிலோ. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் முகமூடி மெஷினோடு படுத்தான். வாயையும் கட்டினான் மாமா. ஒன்பது கிலோ இறக்கினான், பதினொன்றாகத் திரும்பி வந்தது. எடை இறங்க இறங்கப் பசியைக் கிளப்பிவிட்டு, செலவழிக்கும் சக்தியைக் குறைத்துக்கொண்டு, பழைய எடைக்கே இழுக்கிறது உடம்பு. அதோடு மல்லுக்கு நிற்க அவன் ரோஷம் மட்டும் போதாது.

இங்கே அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் 2023 வழிகாட்டியே, கடும் பருமன் உள்ள, 13 வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளை ஆபரேஷன் பொருந்துமா என்று பார்க்க அனுப்பச் சொல்கிறது. தம்பிக்குச் செய்தது 'ஸ்லீவ்'. இரைப்பையில் ஏறக்குறைய ஐந்தில் நாலு பங்கை எடுத்துவிட்டு, வாழைப்பழம் மாதிரி ஒரு குழாயை விட்டுவைப்பார்கள். கிரெலின் என்ற பசி ஹார்மோன் அதிகம் சுரக்கிற பகுதியும் அதோடு போய்விடும்.

கண்ணை மூடிக்கொண்டு நான் கையெழுத்துப் போடவில்லை. 'டீன்-லேப்ஸ்' என்ற அமெரிக்க ஆய்வில், ஸ்லீவோ வேறு வகையோ எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்துகொண்ட 242 பிள்ளைகளுக்கு மூன்று வருடத்தில் சராசரியாக 27 சதவீதம் எடை குறைந்தது. சர்க்கரை இருந்தவர்களில் 95 சதவீதம் பேருக்கு அது அடங்கியது. பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது அடங்கியிருந்தது 55 சதவீதம் பேருக்குத்தான். மூன்றாம் வருடத்தில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு இரும்புச்சத்துக் குறைவு. 13 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்துக்குள் வயிற்றில் மறுபடி ஏதோ ஒரு சிகிச்சை. எல்லாவற்றையும் தம்பியும் படித்தான். ஆயுசுக்கும் சத்து மாத்திரை போட வேண்டுமே என்றேன். "இப்ப மட்டும் மாத்திரை இல்லாமலா இருக்கேன்?" என்றான்.

முதல் வாரம் இருமல் மருந்து மூடியில்தான் தண்ணீர், அதுவும் சொட்டுச் சொட்டாக. இன்று எட்டு மாதம், 101 கிலோ. மெஷின் பரண் மேல் கிடக்கிறது. கழுத்து பாதி வெளுத்திருக்கிறது.

பொங்கலுக்கு வருகிறோம். ஒரு இட்லி சாப்பிட அவனுக்கு அரை மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த வேண்டாம். இலைக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளரும் வேண்டாம், அரை மணி கழித்துத்தான் குடிப்பான். "இன்னும் ஒரு கரண்டி" என்று அத்தை வந்தால், கையைப் பிடித்து நிறுத்துகிற வேலை உங்களுடையது.