ஈஆர்சிபி செய்யும் மருத்துவமனைகளுக்கு ஒரு திறந்த மடல்

டாக்டர்களே, நிர்வாகிகளே, வணக்கம்.

பித்தநாளத்தில் கல் என்றால் ஈஆர்சிபி, அதாவது வாய் வழியாக ஸ்கோப் என்ற கேமராக் குழாயை விட்டு, அதன் வழியே நாளத்துக்குள் நுழைந்து செய்யும் சிகிச்சை, செய்ய வேண்டும் என்கிறீர்கள், சரி. நாங்கள் கையெழுத்துப் போடும் தாளில் "கணைய அழற்சி வரலாம்" என்று ஒரு வரி இருக்கிறது, அதுவும் சரி. வராமல் இருக்க நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் அதில் எங்கேயும் இல்லை.

நாளத்துக்குள் நுழையும் முறையையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்தி வழி பார்ப்பது பழைய வழக்கம். அந்தச் சாயம் தவறிக் கணைய நாளத்துக்குள் ஏறினால் வம்பு. வழிகாட்டும் மெல்லிய கம்பியான கைடு வயரை முன்னே விட்டு, அது பித்தநாளத்தில்தான் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சாயம் விடுவது இன்னொரு முறை. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து அலசும் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு இரண்டையும் ஒப்பிட்டபோது கணைய அழற்சி சாய முறையில் 6.7 சதவீதம், வயர் முறையில் 3.5. வயரும் சில நேரம் அடம்பிடிக்கும். நுழைய ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நாளத்தின் வாயில் ஐந்து தடவைக்கு மேல் முட்டினாலோ, வேண்டாமலே ஒரு தடவைக்கு மேல் கணைய நாளத்துக்குள் போனாலோ அது கடினமான கேஸ் என்கிறது ஐரோப்பிய வழிகாட்டுதல். உங்கள் அறையில் இதை யார் எண்ணுகிறார்கள்?

அப்புறம், ஆசனவாயில் வைக்கும் 100 மி.கி. இண்டோமெத்தசின் என்ற அழற்சி தணிக்கும் மருந்து. ஆபத்து அதிகமுள்ளவர்களிடம் 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வில், வைக்காதவர்களில் 16.9 சதவீதம் பேருக்குக் கணைய அழற்சி வந்தது, வைத்தவர்களில் 9.2. இது போதும், கணைய நாளத்தில் பிளாஸ்டிக் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாய் எதற்கு என்ற கேள்விக்கும் 2024இல் பதில் வந்துவிட்டது: மருந்து மட்டும் என்றால் 14.9, ஸ்டென்ட்டும் சேர்ந்தால் 11.3. ஆக, ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு இரண்டும் வேண்டும்.

ஸ்கோப் சுத்தம் தனிக் கதை. நுனியில் கருவியைத் தூக்கிவிடும் சின்ன நெம்புகோலின் இடுக்கில் கிருமி தங்குகிறது என்பதால்தான் 2019இல் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்டிஏ, கழற்றி எறியும் நுனி உள்ள ஸ்கோப்புகளுக்கும் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஸ்கோப்புகளுக்கும் மாறச் சொன்னது. முழு ஸ்கோப்பையும் எறிவது நம் ஊர் பில்லுக்குத் தாங்காது என்றே நினைக்கிறேன். நுனியை மட்டுமாவது மாற்றலாமே.

நான் கேட்பது இவ்வளவுதான். அந்தத் தாளில் எந்த முறையில் நுழைவீர்கள், மருந்து வைப்பீர்களா, ஸ்டென்ட் எப்போது, ஸ்கோப் எந்த வகை என்று எழுதிவிட்டு, பிறகு எங்களிடம் பேனாவை நீட்டுங்கள்.